ரூத்தின் கதவு

சிவப்பு வர்ணம் ஒழுகிக் கதவின் அடிவரை இறங்கிவிட்டது, ஆறு முனை நட்சத்திரம், அதன் கீழே வெளியே போ என்ற வாசகம், தின்னரில் தோய்த்த பழந்துணியால் குணபாலன் தேய்க்கத் தேய்க்க அது போகாமல் பரவுகிறது, லண்டனில் கார்த்திகை மாத வெயிலுக்கு ஆயுசு குறைவு, இன்று வெள்ளி, இருட்டினால் பக்கத்து வீட்டு ரூத்துக்கு யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்கு முன் அவள் தன் தங்கை வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் மகள் திரும்பி வருவாள், தாலியா, இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள், கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாக வாசிக்கிற வயது, இதை மட்டும் அவள் வாசிக்கக் கூடாது, ரூத் கேட்டது அவ்வளவுதான், அவனோடு மழையில் நனைந்து வீடு வீடாகக் கட்சித் துண்டுப்பிரசுரம் போட்டவள், அந்தக் கட்சியிடம் கேட்டது ஒரு துணியும் ஒரு ஆளும். அண்ணை, அதிலை கை வைக்காதேங்கோ என்றான் அமிர்தநாதன், கிளைச் செயலாளன், நேற்றுப் போனில், யூத வெறுப்பெண்டால் என்னெண்டு கட்சி இன்னும் முடிவெடுக்கேல்லை, வெள்ளி இரவு கூட்டத்திலை வரைவிலக்கணம் வருது, இஸ்ரேல் அரசைத் திட்டினால் அதுக்குள்ளை அடங்குமோ எண்டதிலை இழுபறி, இப்ப அழிச்சால் நாங்கள் ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி. இது அரசைத் திட்டினதில்லைத் தம்பி, ஒரு பொம்பிளையின்ரை கதவிலை எழுதினது. அதைத்தான் அண்ணை கூட்டம் தீர்மானிக்கும்.

தூ, என்ன கூட்டம், ஓய்வுநாள் காக்கும் யூதர்கள் வாசலைத் தாண்டி வராத இரவாகப் பார்த்து யூதர்களைப் பற்றிப் பேச நாள் குறித்த மேதைகள், நாளை மாற்றுங்கள் என்று ரூத் கேட்டதற்கு மண்டபம் கிடைக்காது என்றவர்கள். மற்றக் கட்சி இன்னும் திறம், பூங்கொத்தோடு ரூத்திடம் வந்தான் அதன் வேட்பாளன், நாங்கள் அந்த வரைவிலக்கணத்தை ஒரு சொல் விடாமல் ஏற்றுக்கொண்டவர்கள் என்று நெஞ்சை நிமிர்த்தினான், பிறகு குரலைத் தாழ்த்தி, தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், சனிக்கிழமை எங்கள் தலைவர் கமராவோடு வருகிறார் என்றான். ஒருவனுக்கு அர்த்தம் வரும்வரை கறை வேண்டும், மற்றவனுக்குக் கமரா வரும்வரை. தின்னர் மணம் மூக்கில் ஏறுகிறது, கரி மணமாகிறது, கொழும்பு வெள்ளவத்தை, தமிழர் கடைகளை எரித்த எண்பத்து மூன்று ஆடி, கதவில்லாத கடைக்குள் அப்பா சாம்பலைக் கிளறுகிறார், வாசலில் வெள்ளை வேட்டியோடு இரண்டு கட்சிக்காரர், கலவரமெண்டு போட்டால் மேலிடம் கோவிக்கும், அசம்பாவிதமெண்டு போடுவம் என்று அறிக்கை பேசுகிறார்கள், அப்பா நிமிராமலே சொல்கிறார், பேரைப் பிறகு வையுங்கோ ஐயா, முதல்லை ஒரு கதவு தாங்கோ. அந்த ஆடியில் அகதிகளை ஏற்றி வடக்கே காங்கேசன்துறைக்குப் போன கப்பலில் தாயின் மடியில் கிடந்து கத்தியவன்தான் இந்த அமிர்தநாதன், அந்தக் கப்பலில் வரைவிலக்கணம் பார்த்தா ஏற்றினார்கள்.

கடைசி எழுத்து கரைந்தபோது கார் வந்து நின்றது, தாலியா இறங்கி மூக்கைச் சுளித்தாள், என்ன மணம் இது, குணபாலன் மாமா கதவு கழுவினார் என்றாள் ரூத், யன்னலில் ஓய்வுநாளின் இரண்டு மெழுகுதிரிகள் எரிந்தன, குணபாலனுக்கு அழுகை வந்தது. கூட்டத்துக்கு அவன் போகவில்லை. அமிர்தநாதன் இரவு போனில் அறிவித்தான், அடுத்த மாசத்துக்கு ஒத்தி வச்சாச்சு அண்ணை, ரூத் வராதபடியால் அவவின்ரை கருத்துப் பதியேல்லை.

விடிந்து ரூத்தும் மகளும் ஜெப ஆலயத்துக்கு நடந்து போன பிறகு மற்றக் கட்சியின் தலைவர் வந்தார், துக்கம் பூசிய முகத்தோடு கதவைத் தட்டினார், மறுபடி தட்டினார், கமராக்காரன் சுத்தமான கதவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான், வேட்பாளன் பக்கத்து வீட்டுக்கு ஓடிவந்தான், அவள் எங்கே. இன்றைக்குச் சனிக்கிழமை என்றான் குணபாலன். அதனாலென்ன என்று கேட்டான் யூதர்களின் காவலன், அது கிடக்கட்டும், நட்சத்திரம் எங்கே. குணபாலன் இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே விரித்தான், நகக்கண்ணெல்லாம் சிவப்பு, எத்தனை தரம் கழுவியும் போகாதது, இங்கே இருக்கிறது, எடு படம் என்றான்.