நாற்பது வயதுக்கு உட்பட்டோர்

நாமகிரிப்பேட்டையில், மஞ்சள் மண்டியின் பின்கொட்டகையில் நடந்துவந்த முதியோர் கல்வி வகுப்பைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், ஆசிரியர் செபஸ்தியான் ஒரே ஒரு கட்டளைதான் இட்டார்: "நாளைக்கு எல்லாரும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுச் சுத்தமா வாங்க."

அந்தக் கட்டளையால் வகுப்பே பறிபோகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

மஞ்சளுக்கு மெருகேற்றும் வேலையை முடித்த கையோடு வகுப்புக்கு வருபவர்கள் அவர்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை மஞ்சள் தூள் அப்பியிருக்கும். வகுப்பில் சேர வந்த அன்று வயது வரம்பு நாற்பது என்று காதில் விழுந்ததும், "முப்பத்தஞ்சுன்னு போட்டுக்குங்க சாமி" என்றார்கள். அவரும் நம்பி எழுதிக்கொண்டார். மறுநாள் மாலை சீயக்காய் மணக்க வந்து அமர்ந்தபோதுதான், பாதித் தலைகள் பஞ்சாய் வெளுத்திருந்தது அவருக்கே தெரிந்தது.

அதிகாரி கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நாப்பது வயசுக்குள்ள இருபது பேர் இருந்தாத்தான் மானியம். இங்க பத்துப் பேர்கூடத் தேற மாட்டாங்க போலிருக்கே!"

முன்வரிசையிலிருந்து பூவாத்தாள் எழுந்தாள். அக்காள் இறந்த அன்று இராசிபுரம் போகவேண்டியவள், பதற்றத்தில் யாரையும் கேளாமல் ஆத்தூர்ப் பேருந்தில் ஏறிவிட்டாள். திரும்பி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பேருந்துப் பலகையைப் படிப்பதற்காகவே வகுப்பில் சேர்ந்தவள் அவள்.

"ஏனுங்க, நாப்பது தாண்டுனவங்க பஸ்ஸு ஏறக் கூடாதுன்னும் சட்டம் இருக்குதுங்களா?"

"அக்கா, உங்களுக்கு முப்பத்தஞ்சுன்னுதானே சொன்னீங்க!" என்று பின்னாலிருந்து ராசப்பன் சீண்டினான்.

"எம்பேரனுக்கே பதினஞ்சு ஆச்சு. நீ சும்மா இருடா!"

எல்லோரும் சிரித்தார்கள். செபஸ்தியானுக்கோ நெஞ்சு கொதித்தது. "ஏனுங்கய்யா, சின்ன வயசுல இவங்களுக்குப் பள்ளிக்கூடம் வைக்காதது யார் தப்புங்க?"

"சட்டத்தை நான் எழுதலீங்க, வாத்தியாரே" என்று அதிகாரி கிளம்பிவிட்டார்.

மானியம் நின்றது. விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. ஆசிரியருக்கு ஊதியமும் இல்லை. ஆயினும் மறுவாரம், பொழுது சாய்வதற்கு முன்பே செபஸ்தியான் கொட்டகைக்கு வந்தார். மஞ்சள் தலைகளோடு ஏழெட்டுப் பேர் காத்திருந்தனர்.

"ஆபீசர் வாராருங்களா? ஓடிப்போயிக் குளிச்சுட்டு வாரட்டுங்களா?" என்றாள் பூவாத்தாள்.

அவர் பாடநூலைத் திறக்கவில்லை. மானியத்தோடு பாட வரிசைமுறையும் ஒழிந்தது என்று எண்ணிக்கொண்டு, கரும்பலகையில் இரண்டு ஊர்ப் பெயர்களைப் பெரிதாக எழுதினார். பூவாத்தாள் எழுத்துக் கூட்டி, இராசிபுரத்தைத் தட்டுத்தடுமாறிக் கடந்தாள். அடுத்த பெயரை, ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுச் சொன்னாள்: "ஆ... த்... தூ... ர்."

விரல் பலகையிலேயே நின்றது.

"இத்தன சின்னப் பேருங்களா சாமி?" என்றாள்.