வெள்ளைத் தரையில் ஒன்பது சென்டிமீட்டர்

வஹ்பி வாத்தியார் வீட்டு வாசலில் ரகப்பின் கார் நின்ற இடங்களிலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தது. போட்டவர் வாத்தியாரேதான். வட்டத்துக்குள் கருப்பாக ஓர் எண்ணெய்ப் பொட்டு, வெளியே தேதி, தேதிக்குக் கீழே விட்டம். நாலு சென்டிமீட்டர். ஆறு. ஆறரை. போன வெள்ளிக்கிழமை ஒன்பது. கொலை நடந்த இடத்தில் போலீஸ்காரர்கள்கூட இவ்வளவு அக்கறையாகக் கோடு போடமாட்டார்கள்.

அதுவும் சாதாரணத் தரை இல்லை. அலெக்சாந்திரியாவில், முஹர்ரம் பே பக்கம், அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்கு வாத்தியார்தான் சங்கத் தலைவர். இரண்டு வருடம் அக்கம்பக்கத்தாரோடு மல்லுக்கட்டி, வாசலுக்கு வெள்ளைக் கல் பதிக்க வைத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஏழாவது வரிசையில் ஒரு கல் அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்ததைக் கண்டுபிடித்துப் பெயர்க்கச் சொன்னார். கொத்தனார் அன்றைக்குப் போனவர், வேறு ஆளை அனுப்பினார்.

இந்தத் தரையில்தான் ரகப் வெள்ளிக்கிழமை தவறாமல், ஜும்ஆ தொழுகை முடிந்ததும், பஸ்பூஸா இனிப்பு டப்பாவோடு வந்து காரை நிறுத்துவான். அவன் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவன். ஊரில் பாதிப் பேர் அவன் கைவேலையால்தான் மென்று கொண்டிருந்தார்கள். வாத்தியாரின் மகள் நஜ்லாவோடு குளிர்காலத்தில் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் ஆகியிருந்தது. கார், அவன் மாமா விட்டுப்போன பச்சை நிறக் கிழட்டு வண்டி. நிச்சயத்தன்று வரை அது ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகவிட்டதில்லை.

நிச்சயத்தன்று வாத்தியார், "என் பொண்ணு ஏறப்போற வண்டி, நான் ஒரு தடவ பாத்துடறேன்" என்று தனியாகக் கீழே இறங்கிப் போனார். பானட்டைத் தூக்கி, அரை மணி நேரம், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி குனிந்து நின்றார். யாரையும் கிட்டே விடவில்லை. மேலே வந்தவர் மதிப்பெண் எதுவும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் முதல் பொட்டு விழுந்தது. தன் நேரம் அப்படி என்று ரகப் நினைத்துக்கொண்டான்.

இப்போது விஷயம் பொட்டைத் தாண்டிப் போய்விட்டது. நஜ்லாவின் அண்ணன் ஹைஸம் குவைத்திலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தான். அவன் இருக்கும்போதே நிக்காஹ் எழுதிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். வாத்தியார் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்: வருகிற வெள்ளிக்கிழமை தரையில் பொட்டு விழக்கூடாது. விழுந்தால், ஹைஸமின் அடுத்த லீவுக்குப் பார்க்கலாம். அடுத்த லீவு அடுத்த வருடம்.

செவ்வாய்க்கிழமை நஜ்லா போன் செய்தாள்.

"அப்பாவுக்கு உன் மேல கோவம்லாம் இல்ல, ரகப். உன்னப் பத்தி ஒரு கிராஃப் போட்டு வெச்சிருக்கார், அவ்வளவுதான்."

"என்ன கிராஃப்?"

"இந்த அக்டோபருக்குள்ள விட்டம் பன்னண்டு சென்டிமீட்டர் ஆகுமாம். கோடு ரொம்ப அழகா வந்திருக்குன்னு அம்மாகிட்ட காட்டிட்டிருந்தார்."

"நான் நடந்தே வர்றேன் நஜ்லா. டிராம்ல வர்றேன்."

"அதையும் கேட்டுட்டேன். 'ஓட்டையை அடைக்கத் தெரியாதவன் ஓட்டைய மறைக்கப் பாக்குறான்'னு சொல்றார். ஏதாவது பண்ணுடா. இன்னொரு வருஷம் உன்னைய அந்த சோபாவுல, எங்கம்மாவுக்கும் பூச்சாடிக்கும் நடுவுல வெச்சுப் பாக்க என்னால முடியாது."

புதன்கிழமை காலை லேபுக்கு லீவு சொல்லிவிட்டு ரகப் உஸ்தா பர்ஸூமின் பட்டறைக்குப் போனான். பர்ஸூம் மெக்கானிக், தொழில் தெரிந்தவர் என்பதால் எல்லாருக்கும் உஸ்தா, அறுபது வயது, தொப்பைக்கு மேல் சிலுவைச் சங்கிலி. இந்த ஒழுகலுக்கு அவர் ஏற்கெனவே மூன்று தீர்ப்பு வழங்கியிருந்தார். முதல் தடவை கியர்பாக்ஸையே இறக்கிப் பின்பக்க ஆயில் சீல் ரப்பரை மாற்றினார். ஒரு வாரம் நின்றது, பிறகு முன்பக்கம் ஒழுகியது. முன்பக்க ரப்பரை மாற்றினார். அடியில் எண்ணெய்த் தட்டில் கசிந்தது. தட்டின் கேஸ்கெட்டை மாற்றினார். இப்போது பின்பக்கம் மறுபடியும்.

"வா பாஷா, வா" என்று பிரபுவை வரவேற்கிற மாதிரி காரைப் பார்த்துச் சொன்னார். ரகப்பை அப்புறம்தான் பார்த்தார். "இன்னும் அழுவுறாளா இவ?"

"ஒன்பது சென்டிமீட்டர் உஸ்தா."

"அளந்தியா?"

"மாமனார் அளந்தார்."

பர்ஸூம் துணியில் கையைத் துடைத்தபடி பெருமூச்சு விட்டார். "நாப்பது வருஷத்துல என் வேலையை ஸ்கேல் வெச்சு அளந்த மொத ஆளு. சரி. இன்னிக்கு இவளா நானான்னு பாத்துடுவோம்."

எஞ்சினை மேலும் கீழும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். காய்ந்ததும் குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து எல்லா மூட்டுக்கும் அப்பினார். கார் தொழுகைக்குக் கிளம்பிய மாதிரி வெள்ளையாக நின்று மணத்தது. கடற்கரைச் சாலையில் போய்ச் சுற்றிவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்ததும் ஜாக்கி போட்டு, இருவரும் அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் வழிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று அல்ல. பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று, மேல்மூடி ஓரத்தில் இரண்டு.

"நாலு எடமா?" ரகப் டார்ச்சை வாங்கி மறுபடி எண்ணினான்.

பர்ஸூம் படுத்தபடியே யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்ததால் தூங்கிவிட்டாரோ என்று ரகப் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு எடத்துல ஒழுகினா ரப்பர் மேல தப்பு" என்றார் கடைசியில். "நாலு எடத்துல, அதுவும் புது ரப்பர்ல ஒழுகினா, ரப்பர் பாவம். உள்ளேருந்து எதுவோ புடிச்சுத் தள்ளுது."

எழுந்து உள்ளே போய், காலையில் ரொட்டி வாங்கி வந்த பிளாஸ்டிக் பையை உதறிக்கொண்டு வந்தார். எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் பையை மாட்டி ரப்பர் பாண்டு போட்டார். பை அடுப்பில் போட்ட ரொட்டி மாதிரி குபுகுபுவென்று உப்பியது. ரகப் அழகாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான். பை படாரென்று வெடித்து பர்ஸூமின் முகத்தில் எண்ணெய் மழை தூவியது.

பர்ஸூம் முகத்தைத் துடைக்கவில்லை. சிரித்தார்.

"இவளுக்கு மூச்சு முட்டுது பாஷா! எஞ்சினுக்குள்ள சேர்ற காத்து வெளிய போறதுக்குன்னு ஒரு குழாய் இருக்கு. அது அடைச்சிருக்கு. வழி இல்லாத காத்து, கெடச்ச சந்துல எல்லாம் எண்ணெயத் தள்ளிட்டு வருது. நான் ஒரு சந்த அடைச்சா அடுத்த சந்துக்குப் போகுது."

"அந்தக் குழாய் எங்க?"

பர்ஸூமின் சிரிப்பு லேசாகக் குறைந்தது. "அது... ஏர் ஃபில்டர்லேருந்து கழண்டு தொங்கிட்டிருந்துச்சு. மொத தடவ நீ வந்தப்ப நான்தான் மாட்டிவிட்டேன்."

"உள்ள பாக்காமலா?"

"நீ பல்லு செட்டு மாட்டுறப்ப தொண்டைக்குள்ள எட்டிப் பாப்பியா?"

குழாயைக் கழற்றி, வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் துழாவினார். எதுவோ சிக்கியது. இழுத்ததும் எண்ணெயில் ஊறிய சின்னத் தோல் பை ஒன்று, கட்டைவிரல் அளவு, தையல் பிரிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. தாயத்து. உள்ளே கண் திருஷ்டிக்கான நீலமணி ஒன்று. கூடவே மடித்த தாள்.

"உங்கம்மா வேலையா?" என்றார் பர்ஸூம்.

"அம்மா கண்ணாடியில தொங்கவிடுவாங்க. ஊருக்கே தெரியணும் அவங்களுக்கு. ஒளிக்க மாட்டாங்க."

ரகப் தாளைப் பிரித்தான். எண்ணெய் ஏறி மஞ்சளாகியிருந்தாலும் கட்டம் கட்டமாக மில்லிமீட்டர் கோடுகள் தெரிந்தன. கிராஃப் தாள். சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்ட இரண்டு வரி: 'யா அல்லாஹ், இந்த வண்டியையும் இதில் ஏறுபவர்களையும் பாதுகாப்பாயாக. நஜ்லா, ரகப்.' வலது மூலையில் நிச்சயம் நடந்த தேதி.

ரகப் அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் மாடி சுஹைர் அம்மா தன் காரில் நீலமணி கட்டியபோது, "கண்ணேறு அலையா வருதா, துகளா வருதாம்மா?" என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்ட பௌதிக வாத்தியார் இவர். அந்த அம்மா இன்றுவரை லிஃப்டில் அவரோடு ஏறுவதில்லை.

"உன் மாமனாரா? அவரு பேரையும் எழுதியிருக்காரா?" என்று எட்டிப் பார்த்தார் பர்ஸூம்.

"இல்ல உஸ்தா. என் பேரத்தான் எழுதியிருக்கார்."

பர்ஸூம் சீல்களையும் மேல்மூடி கேஸ்கெட்டையும் மறுபடி புதிதாகப் போட்டு, குழாயை ஊதி, சுத்தமாக மாட்டினார். ரகப் லேபுக்குப் போய் நீலமணியையும் தோலையும் பல் கழுவும் மருந்தில் கழுவினான். தாளை எண்ணெய் உறிஞ்சும் தூளில் இரவு முழுக்கப் புதைத்து வைத்தான். தையலைப் பல் கட்டும் நூலால் தைத்தான்.

வெள்ளிக்கிழமை கார் வாசலில் நின்றதும், வாத்தியார் ஒரு வெள்ளை அட்டையை எஞ்சினுக்கு அடியில் தள்ளினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் என்றார். ஹைஸமும் நஜ்லாவும் பால்கனியிலிருந்து குனிந்தார்கள். சுஹைர் அம்மாகூட ஜன்னலைத் திறந்தார். டீ வந்தது. பஸ்பூஸா வந்தது. ஈ ஒன்று அட்டையில் உட்கார்ந்தபோது பால்கனியில் ஹைஸம் "ஐயோ!" என்றான். ஈ பறந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வாத்தியார் அட்டையை இழுத்து, கண்ணாடியை ஏற்றி, இரண்டு பக்கமும் பார்த்தார். அடிப்பக்கத்தைக்கூடப் பார்த்தார்.

"என்ன கோளாறு?"

"மூச்சுக் குழாய் அடைச்சிருந்தது மாமா."

"எது அடைச்சுது?"

மேலே நஜ்லா கேட்டுக்கொண்டிருந்தாள். சுஹைர் அம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏதோ தூசு துரும்பு மாமா. பழைய வண்டிதானே."

வாத்தியாரின் முகத்தில் சாக்பீஸ் நிறம் ஏறியது. நாற்காலியை விட்டு எழுந்து, ரகப்பின் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்தார்.

"அந்த... துரும்ப என்ன பண்ணின? தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல மாமா. கழுவி, காய வெச்சு, தெச்சு, டாஷ்போர்டு பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன். அங்க சூடு இல்ல. காத்து போறதுக்கும் தடையில்ல."

வாத்தியார் காரின் பச்சைக் கூரையை ஒரு தடவை தடவினார். தூசி தட்டுகிற மாதிரிதான் இருந்தது. பிறகு குனிந்து, தரையில் அட்டை இருந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, தேதி எழுதி, கீழே சுழியம் போட்டார்.

"ஹைஸம்!" என்று மேலே பார்த்துக் கத்தினார். "நிக்காஹ் எழுதுறவருக்குப் போன் போடு. செவ்வாய்க்கிழமை வரச்சொல்லு."

பால்கனியில் நஜ்லா குலவையிட்டாள். அது அவள் போடவேண்டிய குலவை இல்லை, அவள் அம்மா போடவேண்டியது. யாரும் திருத்தவில்லை.

அந்தச் சத்தத்தின் நடுவே வாத்தியார் ரகப்பின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் பெட்டியோட பூட்டு சரியா விழுதா? மேடு பள்ளத்துல திறந்துக்கும். எதுக்கும் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வர்றேன், இரு."