பார்க்கலாம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு காய்ச்சல் மருந்துப் பெட்டிக்குள். நாலாக மடித்த தாள். ‘குலுக்கிய பின் கொடுக்கவும். பாலுடன் கொடுக்கலாம். வெறும் வயிற்றிலும் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி கொடுக்கக் கூடாது.’ இருபது வருஷமாக எழுதுகிறேன். இத்தனை கறாராக நாலு வாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை. எழுதிய புண்ணியவதி யாராக இருந்தாலும் அவளை வைத்து ஒரு கதை எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘சொற்களின் மீது அக்கா கொண்டிருந்த காதல்

(வேண்டாம். அவளுக்குக் காதல் கீதல் எதுவும் கிடையாது.)

இரண்டாவது: ஓர் அக்கா, ஒரு தங்கை. அக்கா மருந்துக் கம்பெனியில் இந்தத் தாள்களை எழுதுகிறாள். தான் ஒரு சொல் கூடப் போட்டால் எங்கோ யாரோ ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்வார் என்பது அவள் பயம். அவளுக்குக் ‘கூடாது’ என்றால் கூடாது. ‘லாம்’ என்றால் தாராளமாக. வீட்டிலும் அதே கதைதான். தங்கை முதல் நாள் வேலைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எப்படி இருக்கு என்று கேட்டபோது, “முதுகுல தையல் விட்டிருக்கு” என்றாள். தங்கை மூக்கைச் சிந்தினாள். தையல் விட்டுத்தான் இருந்தது. நின்ற நிலையிலேயே அதைத் தைத்துக் கொடுத்தவளும் அக்காதான்.

3

இனி நான் தங்கை பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். கதைக்கு ரோஷம் வேண்டும். அது அவளிடம்தான் இருக்கிறது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் பிரித்தாயிற்று. இருப்பது அக்கா வீட்டில். பஸ்ஸில் மூன்று மணி நேரம். தங்கையின் கைக்குழந்தையை அம்மா தொட்டுத் தடவிப் பார்த்திருக்கிறாள், முகத்தைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை, புருஷன் வேலை செய்யும் நாட்டுக்கு விமானம் ஏறுகிறாள். திரும்ப இரண்டு வருஷம் ஆகும். வியாழக்கிழமை அக்காவுக்கு எழுதினாள்: ‘சனிக்கிழமை பாப்பாவைத் தூக்கிட்டு வந்தா அம்மா பார்க்கலாமா?’

பதில் வந்தது: ‘பார்க்கலாம்.’

நமக்குத் தெரியாத சொல்லா இது? வேலை கேட்டுப் போனவனுக்கும், வெள்ளையடித்துத் தரச் சொன்ன குடித்தனக்காரருக்கும் கிடைக்கிற பதில். கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற சொல். அதுவும் முற்றுப்புள்ளி வைத்து. தங்கைக்குச் சுருக்கென்றது. பெத்த அம்மாவைப் பார்க்க இவளிடம் மனுப் போட வேண்டுமா என்று பொருமினாள். ‘சரி’ என்று வெடுக்கென்று அனுப்பிவிட்டு, துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

(ஒரு போன் போட்டால் என்ன என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. போட்டிருக்கலாம்தான். வீம்பு.)

4

அக்கா அந்தச் ‘சரி’யைப் படித்தாள். சரி என்றால் சரி. டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அந்த ஒரு சொல்லையே அவள் எழுதியிருந்தாள். சனிக்கிழமை மதியம் அம்மாவுக்குத் தலை சீவி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

இந்த இடத்தில் எனக்குத் தங்கையைப் பிடிக்காமல் போய்விட்டது. ‘அவள் நல்லவள்தான், என்றாலும்

அடித்துவிட்டேன். நானும் அப்படித்தான் படித்திருப்பேன்.

5

அதே சனிக்கிழமை, மூன்று மணி. பாப்பாவின் மருந்தைப் பெட்டியில் வைக்கப்போன தங்கை, விமானத்தில் கொண்டுபோகலாமா என்று பார்க்கத் தாளைப் பிரித்தாள். (முதல் பத்தியில் நான் காட்டிய அதே தாள். எழுத்தாளனுக்கு வசதியாக வந்து விழுந்தது என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.) பாலுடன் கொடுக்கலாம். வெறும் வயிற்றிலும் கொடுக்கலாம்.

அக்காவின் குரல். இதில் யாரும் எதையும் தட்டிக்கழிக்கவில்லை. கொடுக்கலாம் என்றால் கொடுக்கலாம். தான் கேட்டது ‘பார்க்கலாமா’, வந்தது ‘பார்க்கலாம்’. இதைவிட நேராக ஒரு பதில் உலகத்தில் உண்டா? தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூன்றரை பஸ்ஸை விட்டால் காலையில்தான். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நிறுத்தத்தில் நின்றபடி மன்னிப்பும் விளக்கமுமாக எழுதி எழுதி அழித்தாள். (நானும் கூடவே எழுதி அழித்தேன்.) கடைசியில் மிஞ்சியது ஒரே சொல்: ‘வரேன்.’

6

இங்கேதான் எனக்கு உதறல். கிளம்பிப் போகிறபோதும் நாம் ‘வரேன்’ என்றுதானே சொல்கிறோம்? நாளைக்கு விமானம் ஏறுகிறவள், இரண்டு நாளாகப் பேசாதவள், அந்தச் சொல்லை அனுப்பினால் எவரும் விடைபெறுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டிருப்பார்கள்.

“என்னடி எழுதியிருக்கா? கோவமா இருக்காளா?” என்றாள் அம்மா.

“வரேன்னு எழுதியிருக்கா.”

“போயிட்டு வரேன்னா?”

“இல்லம்மா. வரேன்னு.”

அக்கா அம்மாவின் கண்ணாடியைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்து மாட்டிவிட்டாள். அவளை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பஸ் கிடைத்ததா என்று நான் எழுதப் போவதில்லை. நாற்காலி வாசலில்தான் கிடக்கிறது. தங்கை அனுப்பிய சொல் இப்போது உங்கள் கையில். அக்கா படித்த மாதிரியே ஒரு தடவை படித்துப் பாருங்கள்.