நவம்பரில் பிறக்காதவர்

புஷ்பலதா அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. புருஷன் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார், பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம், காலையில் கோப்பியா தேத்தண்ணியா, நேற்று ராத்திரி என்ன சாப்பாடு என்று நம்பர் போட்டு எழுதியிருந்தார். அவர் பக்கத்து வீட்டுக்காரர். அந்தத் தாமான் குடியிருப்பில் யாருக்கு விண்ணப்ப பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாத வீட்டுக்கும் அவரே போய்விடுவார்.

"பதினேழு. புருசன் பொறந்தநாள எப்பிடிக் கொண்டாடுனீங்க?"

"ஆடிக் கிருத்திகைக்குப் பாயசம் வெச்சேன்," என்றாள் கலாதேவி.

"அத சொல்லாதலா. ஐ.சி. கார்டுல என்னா போட்டிருக்கு? நவம்பர் மூணு. அன்னிக்கி ராத்திரி எட்டு மணிக்கு சாக்லெட் கேக் வெட்டுனோம்னு சொல்லு. சுகு, நீயும் அதையேதான் சொல்லணும்."

சுகுமாரன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். கலாதேவி ஆட்டவில்லை.

கலாதேவி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சுகுமாரனைக் கட்டிக்கொண்டு மலேசியாவில் ஈப்போவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் சிம்பாங் பூலாய் மலையில் உடைக்கிற கல்லை லோரியில் ஏற்றிப் போகிறவர். வருடா வருடம் அவளுடைய விசாவைப் புதுப்பிக்க அவர் லீவு போட்டுவிட்டு வந்து கவுண்டரில் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் அவள் இந்த நாட்டில் இருக்கலாம். சுகுமாரன் நல்ல மனிதர், அது வேறு விஷயம். நல்ல மனிதருடைய கையெழுத்தில் தொங்கினாலும் தொங்குவது தொங்குவதுதான்.

போன வருடம் ஒரு மத்தியானம் லோரி மலைச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போய் மண்மேட்டில் மோதி நின்றது. நெற்றியில் கட்டோடு வீடு வந்தவரைப் பார்த்ததும் முதலில் அவளுக்கு அழுகை வந்தது. அடுத்து, இவர் போயிருந்தால் என்னையும் அல்லவா பெட்டி கட்டச் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. புருஷன் பிழைத்து வந்த நேரத்தில் இப்படியா நினைப்பது என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் அடங்கியதும் கோபம் வந்தது. தன்னை அப்படி நினைக்க வைத்தவர்கள் மேல் வந்த கோபம் அது. அந்த வாரமே பி.ஆர். என்கிற நிரந்தரவாசத்துக்கான பாரத்தை அவளே போய் வாங்கி வந்தாள்.

இப்போது நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதினோரு வருடமாகியும் பிள்ளை இல்லை. விசாவுக்காகக் கட்டிய கல்யாணமா என்று கட்டாயம் தோண்டுவார்கள் என்றார் புஷ்பலதா. அதற்குத்தான் இந்த நாற்பத்திரண்டு கேள்விகள்.

பதினேழாவது கேள்வியின் வம்பு சுகுமாரன் பிறந்தபோதே தொடங்கியது. சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஆடிக் கிருத்திகையன்று கோயிலிலிருந்து காவடி புறப்படும் நேரத்தில், பால்மரம் வெட்டுகிற அவருடைய அம்மாவுக்கு வலி கண்டு லயத்து வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. பிறப்பைப் பதிய வேண்டியவர் தோட்டத்துக் கிராணி. ஆபிஸ் கணக்கு எழுதுகிறவர், இதற்கென்று தனியாகப் போகிற ஆள் இல்லை. டவுனில் தனக்கு வேறு வேலை வரும்வரை பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருந்து ஒரே நாளில் பதிந்துவிட்டு வந்தார். அரசாங்கத்தைக் கேட்டால் அந்தத் தோட்டத்தில் அந்த வருடம் நவம்பர் மூன்றாம் தேதி ஐந்து பெண்கள் பிள்ளை பெற்றார்கள்.

சுகுமாரனுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போய்விட்டார். அம்மாவுக்குத் தேதி தெரியாது, நாள்தான் தெரியும். நீ கிருத்திகைப் பிள்ளைடா என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது ஒன்றுதான் அவர் விட்டுப் போன சொத்து. கல்யாணமாகி வந்த முதல் ஆடியிலிருந்து கலாதேவி அன்றைக்குப் பாயசம் வைத்து வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் கொடுப்பாள். லீவெல்லாம் விசா கவுண்டரிலேயே தீர்ந்து போவதால் சுகுமாரன் பிறந்தநாளும் அதுவுமாகக் கல் ஏற்றப் போய்விட்டு, சாயங்காலம் வந்து ஆறிய பாயசத்தைக் குடிப்பார். விரத நாள் என்பதால் மனிதர் ஆயுசில் ஒரு பிறந்தநாளுக்குக் கோழி தின்றதில்லை.

நேர்காணல் அன்று இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். கலாதேவியிடம் கேட்டவர் கண்ணாடி போட்ட ஒரு மலாய்க்கார அம்மாள். பேச்சு முழுவதும் மலாயில் நடந்தது; அம்மா என்பதற்குப் புவான். சந்தையில் கற்ற மலாய் என்றாலும் கலாதேவியின் மலாய்க்குப் பயம் கிடையாது. பிரஷ் நிறம் சொன்னாள். தேத்தண்ணி என்றாள். நேற்றைய நெத்திலி சம்பலையும் ஒப்பித்தாள்.

"கணவரின் பிறந்தநாளைக் கடைசியாக எப்போது கொண்டாடினீர்கள்?"

சாக்லெட் கேக் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. புருஷனோடு வாழ்ந்ததை நிரூபிக்கப் புருஷனோடு வாழாத ஒரு நாளைச் சொல்வதா என்று இருந்தது.

"போன வருசம் ஜூலை கடைசியில்."

அதிகாரி கோப்பைப் பார்த்தார். "அதற்கு முந்தைய வருடம்?"

"ஆகஸ்ட்டில்."

"வருடா வருடம் பிறந்தநாள் மாறுமா?"

"மாறும். நட்சத்திரம் பார்த்து வைக்கிற நாள். உங்கள் ஹரிராயாப் பெருநாள் வருசா வருசம் நகர்வதில்லையா, புவான்? அது மாதிரிதான்."

அதிகாரியின் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இங்கே நவம்பர் மூன்று என்று இருக்கிறது. அன்றைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஒன்றும் செய்யவில்லை. துணி துவைத்திருப்பேன்."

சற்று நேரத்தில் சுகுமாரனையும் அதே அறைக்கு அழைத்து வந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததுமே கலாதேவிக்குப் புரிந்துவிட்டது. மனிதர் கேக்கை வெட்டிவிட்டார்.

"உங்கள் கணவர் நவம்பர் மூன்று, இரவு எட்டு மணி, சாக்லெட் கேக் என்கிறார். நீங்கள் பாயசம் என்கிறீர்கள்," என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "பதற்றத்தில் சிலருக்கு மறப்பது உண்டு. கணவரின் பிறந்தநாள் மறந்துவிட்டது, நவம்பர் மூன்றுதான் சரி என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாக்குமூலமும் முரண் என்று இந்தக் கோப்பு விசாரணைக்குப் போகும்."

சுகுமாரன் தமிழில் மெதுவாக, "எழுதிக் குடுத்துரு கலா. ஒரு வரிதானே," என்றார்.

ஒரு வரிதான். அவளுடைய அப்பாவும் ஒரு வரிக்குத்தான் கைநாட்டு வைத்தார். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை, எழுதியவரும் சொல்லவில்லை. அந்தத் தாளைக் காட்டி, பிறந்த இலங்கை மண்ணிலேயே எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று சொல்லி அவரை அலைய விட்டார்கள். அவருக்குக் குடியுரிமைக் கடுதாசி வந்தபோது கலாதேவி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பால் கடைச் சீட்டானாலும் படிக்காமல் அவள் கையெழுத்துப் போடுவதில்லை.

தாளை அவள் திருப்பித் தள்ளினாள்.

"புவான், எனக்கு மறக்கவில்லை. மறந்தது என்று நான் எழுதினால் நான் பொய்ப் பெண்டாட்டி என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. விசாரணைக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பீர்கள்தானே? அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி ஆடிக் கிருத்திகை. அன்றைக்கு வாருங்கள். எத்தனை மணிக்கு என்று எனக்குச் சொல்ல வேண்டாம்."

அதிகாரி அவளைப் பார்த்தார், கோப்பை மூடினார், "நீங்கள் போகலாம்" என்றார்.

காரில் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். கோபெங் சாலைச் சிக்னலில்தான் சுகுமாரன் வாயைத் திறந்தார்.

"பயந்துட்டேன் கலா. நீயும் கேக்குன்னுதான் சொல்லுவேன்னு நெனச்சேன். ஒன்னை அனுப்பிட்டா நான் என்னா பண்ணுவேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

"ஒங்கம்மா பெத்த நாள கிராணி மாத்துனான், சரி. அவனுக்கென்ன, வேலை முடிஞ்சா போதும். நீங்க ஏன் மாத்துனீங்க?"

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடிக்கும்வரை சுகுமாரன் வண்டியை எடுக்கவில்லை.

புஷ்பலதா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நீ பெரிய அரிச்சந்திரன் தங்கச்சிலா," என்றார். விசாரணைக்கு வந்தால் அக்கம்பக்கத்தில் யார் என்ன சொல்ல வேண்டும் என்று இன்னொரு நோட்டுப் போட ஆரம்பித்தவரின் கையிலிருந்து பேனாவைக் கலாதேவி வாங்கி வைத்துக்கொண்டாள். யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கக் கூடாது, வழக்கமான பாயசம் வழக்கமான வீடுகளுக்குப் போகும், அவ்வளவுதான் என்றாள். சொல்லும்போது திடமாகத்தான் சொன்னாள். அந்த ஒரு மாதமும் வாசலில் எந்தக் கார் நின்றாலும் அவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

கிருத்திகையன்று சுகுமாரன் தனக்கு மிச்சமிருந்த ஒரே லீவை எடுத்தார். காலையில் இருவரும் கோயிலுக்குப் போய் வந்தார்கள். மத்தியானத்துக்குள் பாயசம் வீடு வீடாகப் போனது. மூன்று மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து அவர்கள் வீட்டு முன்னால் நிற்காமல் பக்கத்து வீட்டு முன்னால் நின்றது. கண்ணாடி போட்ட அதே அம்மாளும் கூட ஓர் இளைய அதிகாரியும் இறங்கினார்கள். புஷ்பலதா அந்த நேரம் பார்த்துத் தன் கேட்டருகில் நின்று டம்ளரோடு பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன, அக்கா?" என்று மலாயில் கேட்டார் அதிகாரி.

"பாயசம். பக்கத்து வீட்டு சுகுமாரன் பிறந்தநாள், வருசா வருசம் வரும்," என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. பிறகுதான் ஆள் யார் என்று உறைத்தது. "நவம்பர் மூணும் உண்டு. அது கேக்," என்று அவசரமாகச் சேர்த்தார்.

ஜன்னலோரம் நின்ற கலாதேவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அதிகாரி சிரித்ததாகத்தான் தெரிந்தது. இளையவர் இன்னும் மூன்று வீடுகளின் கேட்டைத் தட்டினார். மூன்று வீட்டிலும் கழுவாத பாயசப் பாத்திரம் இருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்த அதிகாரிக்குக் கலாதேவி எதுவும் விளக்கப் போகவில்லை. சுகுமாரன்தான் நின்றுகொண்டே பேசினார்.

"புவான், அன்றைக்கு நான் சொன்னது பொய். கேக் கிடையாது. என் அம்மா என்னைப் பெற்றது இந்த நாளில்தான். அதே தோட்டத்தில் நவம்பர் மூன்றில் பதிந்த பிள்ளைகள் ஐந்து பேர். பெயர் தருகிறேன், விசாரித்துக்கொள்ளுங்கள். என் மனைவி சொன்னதுதான் உண்மை."

"முதலில் சொன்னது பொய் என்று எழுதித் தர வேண்டியிருக்கும். அது உங்களுக்கு எதிராகவும் போகலாம்."

"தருகிறேன்."

இளையவர் எழுதினார். சுகுமாரன் பேனாவை எடுத்ததும் கலாதேவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். அவசரப்படுத்தாமல் இரண்டு அதிகாரிகளும் காத்திருந்தார்கள்.

"இப்ப போடுங்க," என்றாள்.

புறப்படும்போது அதிகாரி வாசலில் நின்றார். "பி.ஆர். கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவே இல்லை."

"கேட்டால் சொல்வீர்களா?"

"மாட்டேன்."

"அதனால்தான் கேட்கவில்லை. கிடைக்காவிட்டால் மறுபடியும் பாரம் போடுவேன். மறுபடியும் இதே நாளைத்தான் சொல்வேன், புவான்."

பாயசத்தை மூடி போட்ட டப்பாவில் ஊற்றிக் கொடுத்தாள். வேலை நேரத்தில் வாங்கக் கூடாது என்று அதிகாரி மறுத்துவிட்டார். அதுவும் சரிதான் என்று கலாதேவிக்குத் தோன்றியது.

பிறகு காத்திருப்பு. புஷ்பலதா கேட்பதை நிறுத்திவிட்டார். விசாவை இன்னொரு தடவை புதுப்பித்தார்கள். சுகுமாரன் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆடிக் கிருத்திகையன்று கல் ஏற்றப் போய்விட்டு வந்து ஆறிய பாயசம் குடித்தார். அதற்கும் அடுத்த வருடம் மார்ச்சில் கடிதம் வந்தது. கலாதேவி அதை நின்றபடி இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை உட்கார்ந்து படித்தபோது எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்து முடித்தாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது; விண்ணப்பதாரர் புதன்கிழமை நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று இருந்தது.

கடிதத்தில் விண்ணப்பதாரர் என்றால் அவள்தான். சுகுமாரனைக் கூப்பிடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சுகுமாரன் போனில் மேனேஜரின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"புதன்கெழமைக்கு லீவு சொல்லிடுறேன் கலா. தொணைக்கு வாரேன்."

கலாதேவி போனை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நான் மட்டும் போனா போதும். லீவ பத்திரமா வெச்சிக்கோங்க. ஆடிக் கிருத்திகைக்கு வேணும்."