ரசலையன் சிரித்தது

"பெரியம்மே, கதவத் தொறங்க. ஊரு முழுக்கப் பாக்குது."

அஜிஷா மறுபடியும் தட்டினாள். அப்பாவின் வாய் துடைக்கிற துவர்த்துத் துண்டு இன்னும் அவள் தோளிலேயே கிடந்தது. இரண்டு வருடமாக அவருடைய எச்சிலைத் துடைத்துத் துடைத்து, அது இல்லாமல் வெளியே இறங்கவே அவளுக்குத் தோன்றவில்லை. அப்பா ரசலையன் விடியற்காலையில் போய்விட்டார். சவப்பெட்டி வந்தாயிற்று. குழி வெட்டுகிறவர்கள் எங்கே வெட்டுவதென்று தெரியாமல் மண்வெட்டியோடு அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பேச நாக்கு இன்னும் புரண்ட காலத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை அண்ணனுக்கப் பக்கத்துல போடணும்." அண்ணன் ஆன்ட்ரூஸ் அடக்கமாகியிருப்பது இந்த வீட்டுக்குப் பின்னாலுள்ள ரப்பர் விளையில். அந்தத் தோட்டம் இப்போது அவருடைய மனைவி லீலாபாயின் பேரில்.

கதவு பாதி திறந்தது.

"என்னட்டி? கூடப்பொறந்தவனுக்க பெட்டிய குழியில எறக்கும்போ பல்லக் காட்டிச் சிரிச்சவனுக்கு, எனக்க விளையில எடமா?"

"அது நோவு, பெரியம்மே."

"நரம்பு தளந்தா கை தளரும், காலு தளரும். சிரிப்பு வருமா? வேலிச் சண்டையில தன்னட்ட தோத்த அண்ணன் செத்தான்னுதான் சிரிச்சான். எனக்குத் தெரியாதா?"

ஊரும் அப்படித்தான் நினைத்தது. முதலில் ரப்பர் பால்வெட்டுக் கத்தி அவர் கையிலிருந்து நழுவியபோது வயசு என்றார்கள். நாக்கு குழறியபோது குடி என்றார்கள், பாவம், சாராயத்தை முகர்ந்தும் பார்க்காத மனுஷனை. திருவனந்தபுரத்து டாக்டர்தான் விளக்கினார்: மூளை சொல்வதைச் சதைக்குக் கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன, சிலருக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வரும், அடக்கவும் முடியாது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் பெரியப்பாவின் அடக்கம் முடிந்து, இந்தக் கதவும் சாத்தப்பட்டிருந்தது.

அஜிஷா யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"போன மழையில எனக்க பிள்ள வயித்துலயே போச்சுல்லா? அப்பாவ வீல்சேர்ல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாவ. எனக்க கட்டிலுப் பக்கத்துல இருந்து சிரிச்சாவ, பெரியம்மே. மூச்சு முட்டுத வரைக்கும் சிரிச்சாவ. நர்சு ஏசினா. பேரப்பிள்ளைக்குத் தொட்டில் வாங்கி வச்ச மனுஷன்! நான் வாயப் பாக்கல, கண்ணத்தான் பாத்தேன். பெரியப்பாவ அடக்குன அன்னைக்கு நீங்க அவருக்க கண்ணப் பாத்தியளா?"

லீலாபாய் உள்ளே போய்விட்டாள். அஜிஷா கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். பிறகு, சர்ச் கல்லறைத் தோட்டத்துக்கே கொண்டுபோகலாம் என்று முடிவு செய்து, ரோட்டில் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தாள். அப்பா கேட்ட அந்த ஒன்றைக்கூடக் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் மனதை அறுத்தது.

பெட்டிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது கணவன் ஷாஜன் வேகமாக வந்தான்.

"பெரியம்மை விளைக்க கேட்டத் தொறந்து விட்டுட்டாவ. பெரியப்பாக்க கல்லறைக்குப் பக்கத்துலதான் வெட்டுதாவ."

அஜிஷா கையிலிருந்த பூவை அப்பாவின் நெஞ்சின்மேல் வைத்தாள்.

சாயங்காலம் ஜெபம் முடிந்து பெட்டியை மூடப்போகும்போது கூட்டம் விலகியது. லீலாபாய் வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தாடையைத் தூக்கித் துணியால் கட்டியிருந்த ரசலையனின் வாயையும் பார்க்கவில்லை. அஜிஷாவின் தோளிலிருந்து துவர்த்தை உருவினாள். குனிந்து, காய்ந்து கிடந்த அவருடைய கண்ணோரங்களைத் துடைத்தாள். ஒரு கண்ணை, பிறகு மற்றதை.

துவர்த்தை மடித்து அவர் கையருகே வைத்தாள்.

"இனி மூடுங்க," என்றாள்.