முன்கவைக் கோப்பு

மடுத்தீனுக்குக் கொடுத்த வேலை சுலபமானது. ரூ லூயி-பிளாங்க் என்ற பிரெஞ்சுத் தெருவில் ஒரு மாடி அறை. மணலிலும் சேற்றிலும் ஓடும் மூன்று சக்கர மோட்டார் வண்டிகளைச் செய்து அமெரிக்கா வரை விற்கும் கம்பெனியின் அலுவலகம். வாங்கியவர்கள் எழுதும் முறைப்பாட்டுக் கடிதங்களைக் குடும்பப் பெயர்ப்படி அடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவில்தான் ஆள் விழுந்தான். ஒரு கடிதத்தில் மார்த்தேன் பெர்னார், அடுத்ததில் பெர்னார் மார்த்தேன். எது குடும்பம், எது ஆள்? அப்பன் பெயரை முன்னால் போட்டே வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு இது பிடிபடவே இல்லை. இரண்டு வாரம் தலையைச் சொறிந்தான். பிறகு தகப்பனின் சைக்கிள் கடை வழக்கப்படி, சாமானின் பெயர் பார்த்து அடுக்கினான். விளக்குக்கு ஒரு கோப்பு, பிரேக்குக்கு ஒன்று, முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கவைக்கு ஒன்று.

மற்றவை நோஞ்சானாய் நிற்க, முன்கவைக் கோப்பு மட்டும் கலியாண வீட்டுப் பெரியப்பாவைப் போலப் பருத்தது. இது மட்டும் ஏன்? சாப்பாட்டை மறந்து வாசித்தான். எல்லாக் கவையும் இரும்பைப் பற்றவைத்து ஒட்டிய இடத்திலேயே வெடித்துப் பிளந்திருந்தது. அமெரிக்கக் கடிதம் ஒன்றில் ஒரு பெண்ணின் இடுப்பெலும்பும் உடைந்திருந்தது.

மேலாளர் மார்செல், புதுச்சேரிக்காரர், வந்து பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பழையபடி பேர் பார்த்துப் பிரிச்சு வைங்க தம்பி. நான் இதைத் தொறக்கவே இல்ல."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தட்டினார். மடுத்தீனின் வேலைச் சான்றிதழ் அதில்தான் இருந்தது, கையெழுத்து இல்லாமல். அது கிடைக்காவிட்டால் நாளைக்கு பிரெபெக்தூர் அரசு அலுவலகத்தில் வதிவிட அட்டை புதுப்பிக்க முடியாது.

ஒரு கோப்புக்கு ஏன் இந்தப் பயம் என்று மடுத்தீன் கேட்டான். மார்செல் குரலைத் தாழ்த்தி விளக்கினார். ஆபத்தான குறை தெரியவந்தால், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அமெரிக்க அரசுக்கு அறிவிக்க வேண்டுமாம். அந்த நாட்டில் விற்பவனுக்கு அது சட்டம். கடிதங்கள் தனித்தனியாகக் கிடந்தால் ஆளுக்கொரு துரதிர்ஷ்டம், அவ்வளவோடு போய்விடும் என்பது அவர் எண்ணம்.

சரக்கின் குறையை வாடிக்கையாளரிடம் மறைப்பவர்களை மடுத்தீன் நிறையப் பார்த்திருக்கிறான். தன் கண்ணுக்கே மறைக்கிறவரை இன்றுதான் பார்க்கிறான்.

"அப்ப நீங்கள் பாத்தால்தான் மணி ஓடத் துவங்கும். காதால கேட்டாலும் ஓடுமோ அண்ணை?"

ஆமென்று தலையாட்டிய பிறகுதான், எதை ஒப்புக்கொண்டோம் என்று மார்செலுக்கு உறைத்தது.

மடுத்தீன் ஒருமுறை அந்தச் சட்டைப் பையைப் பார்த்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்:

"முன்கவை, இருபத்துமூண்டு கடிதம். எல்லாம் ஒரே இடத்தில வெடிச்சது. மூண்டு பேர் ஆஸ்பத்திரியில."

மார்செல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, மணி பதினொன்று பத்து என்று கோப்பின் மேலட்டையில் எழுதினார்.

"ஒங்க சான்றிதழ்ல இன்னும் கையெழுத்து இல்ல. தெரியுமில்ல?"

"ஓம், தெரியும்."

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். கையெழுத்தைப் போட்டு நீட்டினார்.

"நீங்க போயிட்டா இந்தக் கடுதாசிங்கள வேற யாரு தேடி எடுக்கிறது? டெலெக்ஸ் மெஷின் பக்கம் வந்து உக்காருங்க, அமெரிக்காவுக்கு அடிக்கணும். ஒவ்வொன்னாப் படிங்க."