ஆட்டை விழவைத்த சோலைராஜ்

சோலைராஜ் பட்டாளத்தில் பிடித்தது துப்பாக்கி அல்ல, கரண்டி. எண்பத்தெட்டில் லீவுக்கு ராஜபாளையம் வந்தவன் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. வடக்கே அவன் இருந்த முகாமில் கர்னல் ஒருவருக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. மனசை ஒருமுகப்படுத்தி முறைத்தால் எதிரி சுருண்டு விழுவான் என்று நம்பியவர், சிப்பாய்களை ஓர் ஆட்டின் முன்னால் உட்காரவைத்து நாள்கணக்கில் முறைக்கச் சொன்னார். ஆடு அசைபோட்டபடி அவர்களைத் திருப்பி முறைத்தது. ஒருநாள் ஆள் குறைந்துபோக, சமையற்காரனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சோலைராஜ் பார்த்தான், ஆடு விழுந்தது.

அவன் மூடாமல் விட்டிருந்த அரிசி மூட்டையில் அது வயிறுமுட்டத் தின்றிருந்தது. அரிசி தின்ற ஆடு வயிறு ஊதிச் சாயும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? ஆனால் கர்னல் கட்டிப்பிடித்ததும் வாயை மூடிக்கொண்டான்.

ஊருக்கு வந்தபிறகு அந்த வாய் மூடவேயில்லை. டீக்கடையில் அவன் அவிழ்த்துவிட்ட கதை பஸ்ஸேறி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போனது. போகிற வழியிலேயே ஆடு எருமையானது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் காதுக்கும் அது எட்டியது. மில்லில் வேலை பார்ப்பவள். ஒரே மகன் வீரணன் இலங்கைக்குப் போன படையில் இருந்தான். மாதக்கணக்காக அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நேரே டீக்கடைக்கே வந்துவிட்டாள்.

"மருமவனே, எம் மவன ஒன் மனக்கண்ணால செத்த பாத்துச் சொல்லேன். உசுரோட இருக்கானா?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடையில் அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடித் திறந்தான்.

"நல்லா இருக்கான் அத்த. உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்கான்."

அவள் நம்பிவிட்டாள். வந்த வெள்ளிக்கிழமையே மலையடிவாரத்து அய்யனார் கோவில் கருப்பசாமிக்குக் கிடா வெட்ட ஏற்பாடு செய்து, அவனையும் கையோடு இழுத்துப் போனாள்.

கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். கிடா உதறவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினார்கள். ஆடாமல் அசையாமல் நின்றது. செல்லத்தாயின் முகம் வெளுத்தது.

"சாமி ஏன் உத்தரவு தர மாட்டேங்கு? எம் பிள்ளைக்கு ஏதும் ஆயிருச்சா?"

"சோலைராஜ் இருக்கையில என்ன கவல? ஏலே, ஒரு பார்வ பாருலே!" என்றார் பூசாரி பொன்னுராஜ்.

பார்த்தான். கிடாயும் பார்த்தது. பட்டாளத்து ஆடே எழுந்து வந்து கேள்வி கேட்பதுபோல் இருந்தது. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. செல்லத்தாயின் காதருகே குனிந்தான்.

"அத்த, நான் ஒண்ணையும் பாக்கல. அந்த ஆடு அரிசியத் தின்னுட்டு விழுந்துச்சு. வீரணன் டீ குடிச்சான்னதும் பொய்யி. என்னய மன்னிச்சிரு."

அவள் வாய் திறக்குமுன், காதுக்குள் தண்ணீர் இறங்கியதோ என்னவோ, கிடா உடம்பை ஓர் உலுக்கு உலுக்கி உதறியது.

குலவைச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது. சோலைராஜைத் தோளில் தூக்கினார்கள். "கெடாத் தல இவனுக்குத்தான்!" என்று பூசாரி கத்தினார்.

செல்லத்தாய் மட்டும் குலவை போடவில்லை. கிடாயைப் பார்க்கவில்லை, சாமியைப் பார்க்கவில்லை. அப்போ எம் பிள்ளை, என்று கேட்கிற கண்ணோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள்களின் மேலே உட்கார்ந்திருந்த சோலைராஜின் தலை தானாகத் தொங்கியது.